ஆலை நிலமும் 'காலி' என்னும் சொல்லும்

மும்பை மாநகரின் நடுவே பரேல், லால்பாக், வர்லி முதலிய பகுதிகளைச் சேர்த்துக் 'கிரண்காவ்' என வழங்குவர். மராத்தியில் 'கிர்ணி' என்பது ஆலை. 'காவ்' என்பது ஊர். ஆலையூர் என்று நாம் தமிழில் சொல்லிக்கொள்ளலாம். காவஸ்ஜி நானாபாய் தாவர் 1854-இல் நிறுவிய கம்பெனியின் நூற்பாலை 1856-இல் தார்தேவில் ஓடத் தொடங்கியது. பின்னர் அடுத்தடுத்து எழுந்த பஞ்சாலைகள் நகரின் மையத்தில் ஏறத்தாழ 600 ஏக்கர் நிலத்தைத் தம் வசம் கொண்டிருந்தன. ஆலைகள் நின்றபின் அந்நிலம் யார் யாருக்கு, எவ்வாறு சென்றது என்பதே இங்கு நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

முதலில் ஆலையின் அமைப்பை அறிதல் வேண்டும். தறிகள் கனமானவை, ஓடும்போது அதிர்பவை. ஆதலின் நெசவுக் கூடங்கள் பெரும்பாலும் ஒரே தளமாக, தரையோடு பரந்து கட்டப்பட்டன. கூரை ரம்பப் பல்லைப்போல் வரிசை வரிசையாக உயர்ந்து தாழும். அதன் வடக்குமுகக் கண்ணாடி வழியே, வெயில் படாமல், சீரான வெளிச்சம் தறிமீது விழும். இவற்றோடு பஞ்சுக் கிடங்குகளும் நீராவி எந்திரத்திற்கு வேண்டிய குளமும் இருக்கும். மதிலுக்கு வெளியே 'சால்' எனப்படும் நீண்ட குடியிருப்புகள். ஓர் அறையில் ஒரு குடும்பம், சில அறைகளில் பத்துப் பன்னிரண்டு ஆண்கள். ஆலைச் சங்கு ஒலித்ததும் தொழிலாளர் நடந்தே வேலைக்கு வந்துவிடுவர்.

1982 ஜனவரியில் தத்தா சாமந்த் தலைமையில் சுமார் இரண்டரை லட்சம் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அது முறையாக முடிந்ததென அறிவிக்கப்படவேயில்லை. பல ஆலைகள் மறுபடி திறக்கப்படவில்லை, திறந்தவையும் நலிந்தன. துணியைவிட நிலமே விலையுயர்ந்த சரக்காயிற்று.

இந்நிலையில் 1991-இல் மாநில சர்க்கார் ஒரு விதி வகுத்தது. ஆலை நிலத்தை வேறு பயனுக்கு மாற்றினால், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பூங்கா, மைதானம் போன்றவற்றுக்காக மாநகராட்சிக்கும், மற்றொரு பங்கு எளியோர் வீடுகளுக்காக வீட்டு வசதி வாரியத்துக்கும் சேரவேண்டும். எஞ்சியதை உடைமையாளர் கட்டி விற்கலாம். விதி நல்லதே. ஆனால் பழைய கூடத்தை இடிக்காமல் உட்புறத்தை மட்டும் மாற்றிக்கொண்டால் பங்கு தரவேண்டியதில்லை என்னும் வழி திறந்திருந்தது. சிலர் அவ்வழியே சென்று, தறி ஓடிய இடத்தில் கடைகளும் கேளிக்கைக் கூடங்களும் அமைத்தனர். 1996-இல் கட்டடக்கலை வல்லுநர் சார்லஸ் கொரியா தலைமையிலான குழு, தேசிய ஜவுளிக் கழகத்தின் ஆலைகளைத் துண்டு துண்டாக விற்காமல் ஒன்றாகச் சேர்த்துத் திட்டமிடுமாறு பரிந்துரைத்தது. அது ஏட்டளவில் நின்றது.

2001-இல் விதி திருத்தப்பட்டது. நாள்தோறும் சட்டச் சொற்களைத் தமிழாக்கி வரும் நமக்கு இத்திருத்தம் தனி அக்கறைக்குரியது; ஏனெனில், அதன் பாரம் முழுவதும் 'காலி' என்னும் ஒரு சொல்லின்மேல் நிற்கிறது. இனி மூன்று பங்காகப் பிரிக்கவேண்டியது, கட்டடமின்றி ஏற்கெனவே காலியாய்க் கிடக்கும் நிலம் மட்டுமே. கூடத்தை இடித்தபின் வெளிப்படும் நிலம் கணக்கில் சேராது. நெசவுக் கூடங்கள் தரையோடு பரந்தவை என்று மேலே கண்டோம். ஓர் உதாரணம் கொள்வோம்: 15 ஏக்கர் ஆலையில் 12 ஏக்கரைக் கட்டடங்கள் மூடியிருக்கின்றன. முந்தைய விதியை முழு நிலத்துக்கும் பொருத்தினால் மாநகராட்சிக்கு 5 ஏக்கர் கிடைக்கும். திருத்தத்தின்படி 1 ஏக்கர்தான். தொழிலாளர் பாக்கியையும் வங்கிக் கடனையும் தீர்க்கப் பணம் வேண்டுமே என்ற வாதத்தை நாம் அடியோடு தள்ளிவிட இயலாது. ஆனால் அதற்காக நகரம் கொடுத்த விலை மிகப் பெரிது. பம்பாய் உயர்நீதிமன்றம் 2005-இல் திருத்தத்தின் பொருளைச் சுருக்கித் தீர்ப்பளித்தது. 2006-இல் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கித் திருத்தத்தை நிலைநிறுத்தியது.

அதன்பின் வானளாவிய அலுவலகங்களும் மாளிகைகளும் விரைந்து எழுந்தன. ஆனால் தெருக்களும் ரயில் நிலையங்களும் ஆலைக்காலத்தவை. நடந்து வந்த தொழிலாளரின் இடத்தில், தொலைவிலிருந்து ரயிலேறி வரும் அலுவலர் கூட்டம் வந்தது. 2017 செப்டம்பர் 29 அன்று காலை, மழைக்கு ஒதுங்கியவர்களும் ரயிலிலிருந்து இறங்கியவர்களும் எல்பின்ஸ்டன் ரோடு நிலையத்தின் குறுகிய நடைபாலத்தில் நெருக்குண்டு 23 பேர் மாண்டனர். மறு ஆண்டில் ராணுவத்தினர் அங்கே புதிய பாலம் கட்டினர்; நிலையத்தின் பெயரும் பிரபாதேவி என மாறியது.

வீடுகளின் கதை வேறு. 2012-இல் ஆலைத் தொழிலாளருக்கும் அவர்தம் வாரிசுகளுக்கும் முதன்முறையாகக் குலுக்கல் நடந்தது. வீடுகள் சில ஆயிரம், விண்ணப்பங்களோ ஒரு லட்சத்துக்கும் மேல். பின்னர் ஒரு பகுதியினருக்கு நகருக்கு வெகு தொலைவில், பன்வேல் அருகே வீடு ஒதுக்கினர். தேசிய ஜவுளிக் கழக நிலங்களிலுள்ள பழைய சால்களில், குலுக்கலுக்காகக் காத்திராமல், பழைய குடும்பங்கள் பல இன்றும் வாழ்கின்றன. அந்நிலங்களைப் புதுப்பிக்கும்போது அக்குடும்பங்களை அங்கேயே குடியமர்த்த முடியும். அடுத்தடுத்த துண்டுகளைச் சேர்த்து ஓர் அகன்ற பாதையையோ மைதானத்தையோ பெறவும் முடியும். அங்கு ஆட்கள் குடியிருக்கின்றனர். ஆதலின் அந்நிலத்தை எவரும் காலி எனக் கூறுவதற்கில்லை.