கோவில்பதாகையிலிருந்து உலக அரசியல் படிக்க

ஆவடி வட்டாரத்துக் கோவில்பதாகையில் ஒரு வீட்டில் இல்லாவிட்டால் அடுத்த வீட்டில், டேங்க் ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் இருப்பார். ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை 1961-இல் தொடங்கியது. அங்கே முதலில் உருவான விஜயந்தா, பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவனம் வரைந்து கொடுத்த டாங்கி. அடுத்து வந்த டி-72 சோவியத் யூனியனுடையது. அதற்குப் பின் வந்த டி-90 ரஷ்யாவுடையது. அர்ஜுன் ஆவடியிலேயே உள்ள சி.வி.ஆர்.டி.இ. ஆய்வகத்தின் வடிவமைப்பு, ஆனால் அதன் எஞ்சின் ஜெர்மனியின் எம்.டி.யூ. 2025 மார்ச்சில் நமது பாதுகாப்பு அமைச்சகம் ரஷ்யாவின் ரோசோபோரோன்எக்ஸ்போர்ட் நிறுவனத்தோடு 24.8 கோடி டாலருக்கு ஓர் ஒப்பந்தம் போட்டது. டி-72-இல் இப்போதிருக்கும் 780 குதிரைத்திறன் எஞ்சினுக்குப் பதிலாக 1,000 குதிரைத்திறன் எஞ்சின் வரும். அதைச் செய்யும் தொழில்நுட்பத்தையும் ரஷ்யா ஆவடிக்குத் தர வேண்டும். உக்ரைன் போர் நான்காம் ஆண்டில் நடந்துகொண்டிருந்தபோது, மேற்கு நாடுகள் மாஸ்கோ மீது தடைக்கு மேல் தடை போட்டுக்கொண்டிருந்தபோது, இந்தியா இப்படி ஒரு கையெழுத்துப் போட்டது ஏன்? உதிரி பாகத்துக்கு ஒரே நாட்டை நம்பியிருக்கும் ராணுவத்துக்கு வெளியுறவில் எவ்வளவு சுதந்திரம் மிஞ்சும்? பன்னாட்டு உறவுகள் என்ற படிப்பின் மையமான கேள்விகள் இவை. அவை ஆவடி மார்க்கெட்டுக்குப் போகும் வழியிலேயே கிடக்கின்றன.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்தப் படிப்பில் முதுகலைக்கு விண்ணப்பிக்கும் நம் பிள்ளைகள் பெரும்பாலும் வேறு முனையிலிருந்து தொடங்குகிறார்கள். தரவரிசைப் பட்டியலை எடுத்துவைத்து மேலிருந்து கீழே இறங்குகிறார்கள். பெயர் பெரிதாக இருக்கிறதா, சீட் கிடைக்குமா, லோன் கிடைக்குமா என்று பார்த்த பிறகு, எதைப் படிக்கப் போகிறோம் என்பதைக் கடைசியில் யோசிக்கிறார்கள். மருத்துவத்திலோ பொறியியலிலோ இந்த வரிசை ஓரளவு செல்லும். அங்கே பட்டமே ஏறக்குறைய தொழிலுக்கான உரிமம். எந்தக் கல்லூரியில் வாங்கினாலும் செய்யப்போகும் வேலை பெரும்பாலும் ஒன்றுதான். பன்னாட்டு உறவுகள் பட்டம் எந்த வேலைக்கும் உரிமம் ஆகாது. எந்தப் பிரதேசம், எந்தப் பிரச்சினை, எந்த மொழி, எந்தத் திறன் என்று நாம் எதை அதற்குள் கொண்டுபோகிறோமோ, அதைப் பொறுத்துத்தான் அந்தப் பட்டத்துக்கு மதிப்பு. அதனால் முதலில் கேள்வி, பிறகு பல்கலைக்கழகம், அதற்கும் பிறகே பணம் என்று வரிசை இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கேள்வி இல்லாதவர் இன்னும் ஓராண்டு காத்திருப்பதில் தவறே இல்லை.

பட்டம் உரிமம் ஆகாது என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பல குடும்பங்கள் இங்கேதான் ஏமாறுகின்றன. ஐ.எஃப்.எஸ். என்ற வெளியுறவுப் பணியில் அதிகாரி ஆவதற்கு இந்த முதுகலை தேவையே இல்லை. ஏதாவது ஒரு இளநிலைப் பட்டத்தோடு யு.பி.எஸ்.சி. குடிமைப் பணித் தேர்வு எழுதலாம். பொதுப்பிரிவினருக்கு 32 வயது வரை வாய்ப்பு. அதில் வெளியுறவுப் பணிக்கு எடுப்பது ஆண்டுக்குச் சில பத்துப் பேரைத்தான். ஐ.நா.வின் இளம் அலுவலர் தேர்வுக்கும் வயது வரம்பு 32. அந்தந்த ஆண்டுப் பட்டியலில் இடம்பெறும் நாட்டினர் மட்டுமே அதை எழுத முடியும். அமெரிக்காவில் படித்தால் அங்கே அரசுத் துறையில் நுழையலாம் என்ற எண்ணம் நடக்காது. அந்த வேலைகள் குடியுரிமை பெற்றவர்களுக்கே. பட்டதாரிகளை நிறைய எடுத்துக்கொண்டிருந்த வளர்ச்சி உதவித் துறையும் 2025-இல் சரிந்துவிட்டது. அமெரிக்க அரசின் உதவி அமைப்பான யு.எஸ்.எய்ட் மூடப்பட்டது, ஐ.நா. அமைப்புகள் ஆட்குறைப்பில் இறங்கின. மிச்சமிருப்பவை ஆய்வு நிறுவனங்கள், பத்திரிகை, ஏற்றுமதி நிறுவனங்களின் கொள்கைப் பிரிவுகள், அகதிகளோடு வேலை செய்யும் அமைப்புகள், தூதரகங்களில் உள்ளூர் ஆட்களுக்கான பணிகள், பல்கலைக்கழகம். இந்த வேலைகளில் முதலில் கேட்கும் கேள்வி, “உனக்கு எது தெரியும்?” என்பதுதான்.

இனி பணம். அமெரிக்காவின் பெயர்பெற்ற பன்னாட்டு உறவுப் பள்ளிகள் பலவற்றில் ஓராண்டுக் கல்விக் கட்டணம் மட்டும் 60,000 டாலரை ஒட்டி வருகிறது. படிப்பு இரண்டு ஆண்டு. டாலர் 85 ரூபாய் என்று குறைத்தே வைத்தாலும் கட்டணம் 1 கோடியைத் தாண்டும். தங்குவதும் சாப்பிடுவதும் தனி. 1 கோடி ரூபாயை 11 சதவீத வட்டிக்கு வாங்கி 10 ஆண்டுகளில் அடைத்தால் மாதத் தவணை ஏறக்குறைய 1,38,000 ரூபாய். தில்லி ஆய்வு நிறுவனத்தில் புதிதாகச் சேரும் ஆராய்ச்சி உதவியாளருக்கு அதில் பாதி சம்பளமாகக் கிடைத்தாலே பெரிது. அங்கேயே தங்கி அடைத்துவிடலாம் என்று நினைத்தால், பொறியியல் மாணவர்களுக்குப் படிப்புக்குப் பின் கிடைக்கும் மூன்றாண்டு வேலை அனுமதி இந்தத் துறைப் பட்டங்களில் பெரும்பாலானவற்றுக்குக் கிடையாது, ஓராண்டுதான். பிரிட்டனில் முதுகலை ஓராண்டில் முடிந்துவிடும் என்பது உண்மையான சிக்கனம். ஆனால் அங்கேயும் படித்தபின் தங்கும் காலத்தை இரண்டு ஆண்டிலிருந்து 18 மாதமாக 2027 முதல் குறைக்கிறார்கள். வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்து எடுக்கும் கடனுக்கு இந்தப் படிப்பு ஏற்றதல்ல. இதில் எனக்குத் தயக்கம் எதுவும் இல்லை. பிறர் செலவில் போக முடிந்தால் வெளிநாடு, முடியாவிட்டால் உள்நாடு.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. பெரிய பள்ளிகள் பாடத்தை மட்டும் தருவதில்லை, ஆட்களைத் தருகின்றன. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவர் பத்தாண்டு கழித்து ஒரு நாட்டின் வெளியுறவு அமைச்சகத்தில் இருப்பார். அந்தத் தொடர்புதான் முதலீடு என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்தத் தொடர்பின் பலன் பத்தாண்டு கழித்து வருகிறது, தவணை படிப்பு முடிந்த ஓராண்டுக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது. கடனுக்காக முதலில் கிடைத்த சம்பந்தமில்லாத வேலையில் சேருகிறவர் துறையை விட்டே விலகிவிடுகிறார். பிறகு அந்தத் தொடர்பு எதற்கு உதவும்? வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளைக்கு இந்தக் கணக்கு மாறும். தொழிற்சாலைச் சம்பளத்தில் வளர்ந்த பிள்ளைக்கு மாறாது.

உள்நாட்டுப் படிப்பு இரண்டாந்தரம் என்ற எண்ணத்துக்கு வரலாறு இடம் தரவில்லை. ஜே.என்.யூ.வின் பன்னாட்டு ஆய்வுப் பள்ளி அந்தப் பல்கலைக்கழகத்தைவிட மூத்தது. 1955-இல் தனி நிறுவனமாகத் தொடங்கி 1970-இல் அதோடு இணைந்தது. அதன் முதல் இயக்குநர் அ. அப்பாதுரை, இடைக்காலத் தென்னிந்தியாவின் பொருளாதார நிலைமை பற்றி எழுதிய நூலைச் சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. உள்ளூர் வரலாற்றை ஆராய்ந்தவர்தான் இந்தியாவில் உலக அரசியல் கல்விக்கு அடித்தளம் போட்டார். ஜே.என்.யூ.வின் முதல் துணைவேந்தர் கோ. பார்த்தசாரதியும் சென்னையிலிருந்து போன ராஜதந்திரி. இப்போதைய வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கரின் முனைவர் பட்டம் அங்கே வாங்கியது. அங்கே ஆண்டுக் கல்விக் கட்டணம் இன்றும் சில நூறு ரூபாய்தான். மெஸ் பில்தான் பெரிய செலவு. சேர்க்கை சி.யு.இ.டி. முதுகலைத் தேர்வு வழியே. அண்மை ஆண்டுகளில் மார்ச்சில் நடக்கிறது, சென்னையிலேயே எழுதலாம். சார்க் நாடுகள் சேர்ந்து தில்லியில் 2010-இல் தொடங்கிய தெற்காசியப் பல்கலைக்கழகத்துக்குத் தனி நுழைவுத் தேர்வு. அங்கே இலங்கை, நேபாளம், வங்கதேச மாணவர்களோடு ஒரே வகுப்பில் உட்காரலாம். தெற்காசியாவைப் படிக்க இதைவிட நல்ல சூழல் வெளிநாட்டில் கிடைப்பது அரிது. இன்னும் பக்கத்தில் என்றால், புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் அரசியல், பன்னாட்டு ஆய்வுத் துறையும், சென்னைப் பல்கலைக்கழகத்தில் பாதுகாப்பு, உத்தி சார் ஆய்வுத் துறையும் இருக்கின்றன. ஆவடியில் மின்சார ரயில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் அதன் சேப்பாக்கம் வளாகத்துக்குப் போய்விடலாம். டாங்கி எஞ்சின் பற்றிய கேள்வியை வைத்திருப்பவருக்கு அதுவே சரியான இடமாகக்கூட இருக்கலாம்.

பிறர் செலவில் வெளிநாடு போகும் வழிகள் குறைவு, ஆனால் உண்மையானவை. பிரிட்டிஷ் அரசின் செவனிங் உதவித்தொகை ஓராண்டு முதுகலையின் முழுச் செலவையும் ஏற்கும். குறைந்தது 2,800 மணி நேர வேலை அனுபவம் கேட்கிறது, அதாவது சுமார் இரண்டு ஆண்டு. படித்து முடித்ததும் இரண்டு ஆண்டு தாய்நாட்டில் இருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்முஸ் முண்டுஸ் கூட்டுப் படிப்புகளில் உதவித்தொகை பெறுபவருக்குக் கட்டணம் இல்லை, மாதம் 1,400 யூரோவும் கிடைக்கும். பாதுகாப்பு, உளவு, உத்தி என்ற தலைப்பிலேயே அதில் ஒரு முதுகலை உண்டு. ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் கிடையாது. ஆனால் விசாவுக்கு முன் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழ் வாங்க வேண்டும், முதலாண்டுச் செலவுக்கான 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும்; இலவசம் என்று கேள்விப்பட்டு இறங்குகிறவர்கள் இந்த இடத்தில் திகைத்து நிற்கிறார்கள். பட்டியலின மாணவர்களுக்கு ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையும் தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டமும் உள்ளன. ஒன்றிய அரசுத் திட்டத்தில் இந்தியப் பண்பாடு, வரலாறு, சமூகம் தொடர்பான ஆய்வுத் தலைப்புகளுக்கு 2022 முதல் இடமில்லை. அந்த விதி நியாயமற்றது என்றே நினைக்கிறேன். ஆனாலும் தலைப்பை வகுக்கும்போது மனதில் வைக்க வேண்டும்.

இவற்றில் பலவற்றின் கடைசித் தேதிகள் படிப்பு தொடங்குவதற்குப் பல மாதங்கள் முன்பே வந்துவிடுகின்றன. செவனிங் ஆகஸ்டில் திறந்து இலையுதிர் காலத்தில் மூடிவிடும். அமெரிக்கப் பள்ளிகளும் எராஸ்முஸும் பெரும்பாலும் டிசம்பர், ஜனவரியில். பல்கலைக்கழகத்தில் ட்ரான்ஸ்கிரிப்ட் கேட்டு விண்ணப்பித்து உறையில் முத்திரையோடு வாங்குவதற்கு நாளாகும். சிபாரிசுக் கடிதத்துக்குப் பேராசிரியரிடம் கடைசி வாரத்தில் போனால் எல்லா மாணவருக்கும் எழுதிய அதே கடிதம்தான் கிடைக்கும். இரண்டு மாதம் முன்பே போய், வகுப்பில் எழுதிய ஒரு கட்டுரையையும் கையில் கொடுத்தால், அவருக்கு எழுத ஒரு விஷயம் கிடைக்கும். மூன்றாண்டு பட்டத்தை ஏற்பார்களா என்பதை ஒவ்வொரு அமெரிக்கப் பள்ளியிடமும் தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

எல்லாவற்றையும்விட எஸ்.ஓ.பி. என்கிற நோக்கக் கட்டுரையில்தான் கேள்வியின் பலன் தெரியும். “சிறு வயது முதலே உலக அரசியலில் எனக்கு ஆர்வம் உண்டு, இந்தியா இன்று வளர்ந்துவரும் வல்லரசு” என்று தொடங்கும் கட்டுரையை எந்த ஊரில் இருந்தும் யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம். “என் ஊர்த் தொழிற்சாலையில் அறுபதாண்டுகளாக மூன்று நாடுகளின் வரைபடங்களை வைத்து டாங்கி செய்கிறார்கள். உரிமத்தின் பேரில் செய்யும் உற்பத்தி, ஒரு நாட்டைத் தொழில்நுட்பத்தில் விடுவிக்கிறதா, கட்டிப்போடுகிறதா என்று அறிய விரும்புகிறேன். உங்கள் பள்ளியில் ஆயுத வணிகம் பற்றிய இந்தப் பாடமும் ரஷ்ய மொழி வகுப்பும் அதற்கு எனக்கு வேண்டும்” என்று ஒருவர் எழுதினால், படிக்கிற குழு நிமிர்ந்து உட்காரும். எந்தப் பள்ளி தனக்குப் பொருந்தாது என்பதும் இரண்டாமவருக்கு எழுதும்போதே புரிந்துவிடும், ஏனென்றால் அந்தப் பாடமும் அந்த மொழியும் எல்லா இடத்திலும் இருக்காது. கட்டுரையை எழுதித் தருகிறோம் என்கிற கன்சல்டன்சிகளால் இதைச் செய்ய முடியாது. படிவம் நிரப்பவும் விசாவுக்கு ஆவணம் அடுக்கவும் அவர்கள் உதவலாம். ஆனால் கமிஷன் தருகிற கல்லூரிகளையே அவர்கள் முன்னால் நீட்டுவார்கள் என்பதை முதல் தலைமுறையாகப் படிக்கிற வீடுகள் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

ஊர்க் கேள்வியைப் பிடித்துக்கொண்டால் அதிலேயே சிக்கிவிட மாட்டோமா, உலகம் படிக்கப் போகிறவன் ஆவடியையே பேசிக்கொண்டிருக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு ஓர் எடுத்துக்காட்டு. இலங்கையின் வட்டுக்கோட்டையில் 1915-இல் பிறந்து மலாயாவில் வளர்ந்த சி. ராஜரத்தினம், லண்டன் கிங்ஸ் கல்லூரிக்குச் சட்டம் படிக்கப் போனார். போர் குறுக்கிட்டது, பட்டம் வாங்காமலே பத்திரிகையாளராகத் திரும்பினார். பல இனங்கள் நெருக்கியடித்து வாழும் ஒரு சிறு துறைமுக நகரம் எப்படிப் பிழைக்கும் என்பது அவர் அன்றாடம் எழுதிய உள்ளூர்க் கேள்வி. அந்தக் கேள்வியோடுதான் அவர் 1965-இல் சிங்கப்பூரின் முதல் வெளியுறவு அமைச்சரானார், 1967-இல் ஆசியான் பிரகடனத்தில் கையெழுத்திட்டார். இன்று சிங்கப்பூரில் பன்னாட்டு உறவுகளில் ஓராண்டு முதுகலை தரும் பள்ளி அவர் பெயரில்தான் இருக்கிறது. பட்டம் வேண்டாம் என்பதற்கு நான் இதைச் சொல்லவில்லை. அவர் காலத்தில் வேலைக்கு எடுப்பவர்கள் பட்டம் கேட்கவில்லை, இன்று கேட்கிறார்கள். ஆழமாகப் பிடித்த ஓர் உள்ளூர்க் கேள்வி ஆளை ஊருக்குள் அடைத்துவைப்பதில்லை என்பதற்கு அவர் வாழ்க்கை சாட்சி.

ஆவடி வட்டாரத்தில் டாங்கி மட்டுமே கேள்வி என்பதும் இல்லை. வடகிழக்கே கொஞ்ச தூரத்தில் புழல் காவாங்கரையில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. 1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அதனால் இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களும் சட்டத்தின் கண்ணில் யார் என்பது இன்னும் தீராத விஷயம். சென்னையில் ஐ.நா. அகதிகள் ஆணையத்துக்கு அலுவலகம் உண்டு. அந்த மக்களோடு மொழிபெயர்ப்பாளர் வேண்டாமல் பேசக்கூடியவர் ஜெனீவாவிலோ லண்டனிலோ விண்ணப்பிக்கும்போது, அவர் தமிழே அவருடைய தகுதிகளில் முதலாவது. படகும் மீனும் கச்சத்தீவும் இன்னொரு கேள்வி. டாங்கியைத் தேர்ந்தவர் ஆழ்வார்பேட்டை ரஷ்யப் பண்பாட்டு மையத்தில் மொழி வகுப்பில் சேரலாம். அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற ஃபிட்டரிடம் போய், “பெரியப்பா, டி-72 வந்த புதிதில் வரைபடத்தில் எழுதியிருந்ததை உங்களுக்கு யார் படித்துச் சொன்னார்கள்?” என்று கேட்டுக் குறித்துக்கொள்ளலாம்.