கொடுவா மீன்

வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், இராணிப்பேட்டை ஆகியவை தோல் பதனிடும் தொழிலால் பெயர் பெற்ற ஊர்கள். இவ்வூர்களுக்குக் கடல் தொலைவில் உள்ளது. ஆயினும் இவற்றை அடுத்துச் செல்லும் பாலாறு, கல்பாக்கத்திற்குத் தெற்கே வயலூர் அருகில் கடலோடு கலக்கின்றது. ஆறும் கடலும் கூடும் இத்தகைய கழிமுகங்களை விரும்பி வாழும் மீன்களுள் சிறந்தது கொடுவா. வங்காளத்தார் இதனைப் பேட்கி என்பர். ஆஸ்திரேலியர் பாரமுண்டி என்பர். தூண்டில் மீன்பிடிப்பில் ஆர்வமுடையோர் பலர் இம்மீனையே பெரிதும் நாடுவர்.

கொடுவாவை அறிந்துகொள்வது எளிது. இதன் உடல் நீண்டு, பக்கங்களில் தட்டையாக இருக்கும். நெற்றி உட்குழிந்து சரியும். வாய் மிகப் பெரிது. கீழ்த்தாடை மேல்தாடையினும் சற்று முன்னே நீண்டிருக்கும். முதுகு பசுமை கலந்த சாம்பல் நிறமும், பக்கங்கள் வெள்ளி நிறமும் உடையன. இருளில் விளக்கொளி பட்டால் கண்கள் செந்நிறமாக ஒளிரும். முதுகுத் துடுப்பின் முற்பகுதியில் 7 முதல் 9 வரை வலிய முட்கள் உண்டு. கழிமுகத்தில் பாரை மீனும் திரியும். ஆனால் பாரையின் வால் கவைபட்டது, கொடுவாவின் வாலோ வட்டமானது. இவ்வொரு வேறுபாடே இரண்டையும் பிரித்தறியப் போதும்.

இம்மீனைப் பிடிக்க வலிமையினும் பொறுமையே மிகுதியாக வேண்டும். கொடுவா ஓடித் திரிந்து இரை தேடுவதினும், மறைந்திருந்து பாய்வதில் வல்லது. அலையாத்தி மரங்களின் வேர்கள், பாலத்தின் தூண்கள், நீரில் மூழ்கிய பாறைகள் ஆகியவற்றின் அருகில் அது காத்திருக்கும். ஓதம் வடியும்போது ஓடைகளிலிருந்து இறாலும் சிறுமீனும் நீரோடு வெளிப்படும். அவ்வேளையில், ஓடையின் வாயருகே உயிருள்ள மடவைக் குஞ்சையோ இறாலையோ தூண்டிலில் கோத்து இடுதல் நன்று. தூண்டிலில் அகப்பட்ட கொடுவா நீருக்கு மேலே துள்ளித் தலையை உதறும். அப்போது கயிறு தளர்ந்தால் முள் கழன்றுவிடும். இதன் செவுள்மூடியின் விளிம்பு கத்திபோல் கூரியது. கயிற்றையும் அறுக்கும், கையையும் கிழிக்கும். ஆதலால் செவுளருகே வெறுங்கையால் பற்றுதல் கூடாது.

கொடுவாவின் வாழ்க்கை வியப்புக்குரியது. கழிமுகத்தை ஒட்டிய உவர்நீரில் முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுகள், கழிகளிலும் ஆறுகளிலும் புகுந்து வளர்கின்றன. வளர்ந்தபின் முட்டையிடும் பொருட்டு மீண்டும் உவர்நீரை நாடுகின்றன. பெரும்பாலானவை முதலில் ஆணாக முதிர்ந்து, சில ஆண்டுகள் சென்றபின் பெண்ணாக மாறுகின்றன. எனவே மிகப் பெரிய மீன்கள் பெரும்பாலும் பெண்மீன்களே. பெரியதையே பிடித்துப் பெருமை கொள்வோர், இலட்சக்கணக்கான முட்டைகளையும் உடன் அழிக்கின்றனர். இதனை உணர்ந்தே ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தார், மிகச் சிறிய கொடுவாவை மட்டுமின்றி மிகப் பெரியதையும் நீரில் விட்டுவிட வேண்டும் என விதித்துள்ளனர்.

நம் நாட்டிலும் நன்முயற்சிகள் நடந்துள்ளன. சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனத்தார் 1997-இல் கொடுவாவைத் தொட்டியில் வைத்தே முட்டையிடச் செய்து குஞ்சு பொரித்தனர். பண்ணைகளில் வளர்ப்போர்க்கு இது பெருந்துணை ஆயிற்று. ஆயினும் தொட்டியில் பிறக்கும் குஞ்சு கழிமுகத்திற்கு ஈடாகாது. கழிமுகம் கெட்டால் கொடுவா மட்டுமன்று, அதன் இரையும் அழியும்.

கழிமுகம் கெடுவது கடற்கரையில் மட்டும் தொடங்குவதன்று. ஆண்டின் பெரும்பகுதி மணலாய்க் கிடக்கும் பாலாறு, வெள்ளம் வருங்கால் வழியிலுள்ள அழுக்கையும் சுமந்து செல்கின்றது. தோல் தொழிற்சாலைகளின் கழிவுநீர் பற்றிய வழக்கில், மாசு செய்தவரே அதற்கு ஈடு தரவேண்டும் என்று உச்சநீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தது. தொழில் பல்லாயிரவர்க்குச் சோறு தருவது, ஆறும் அத்தகையதே. கழிவைத் தூய்மை செய்த பின்னரே வெளிவிடுதல் இரண்டையும் காக்கும் வழியாகும். ஆற்றின் மேற்பகுதியில் வாழ்வோரின் ஒழுக்கமே, அதன் முகத்தில் வாழும் உயிர்களின் வாழ்வு.