'கல் உப்புதான் வேணும்' என்பவரிடம் அயோடின் உப்பை விற்பது எப்படி? சேல்ஸில் 'எம்பதி' செய்யும் வேலை

ஈ.சி.ஆரில் சென்னையிலிருந்து புதுச்சேரி போகிறவர்களுக்கு, மரக்காணம் வந்துவிட்டதைச் சொல்வது சாலையோர உப்பளங்கள்தான். மழைக்காலம் முடிந்து வெயில் ஏறத் தொடங்கினால் பாத்திகளில் உப்பு விளையும். உப்பைக் கண்ணெதிரே பார்த்து வளர்ந்த இந்த ஊரில், ஒரு சேல்ஸ் பிரதிநிதி பாக்கெட் உப்பு விற்கப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

"அக்கா, இது அயோடின் உப்பு. உடம்புக்கு ரொம்ப நல்லது."

"கடலே எங்க ஊர்லதான் இருக்கு. தினம் மீன் சாப்பிடுறோம். எங்களுக்கு எதுக்குப்பா அயோடின்?"

இந்த இடத்தில்தான் பல சேல்ஸ் பேச்சுகள் முடிந்துபோகின்றன. அடுத்து என்ன பேச வேண்டும் என்பதுதான் கேள்வி.

தமிழ்நாடு ஏன் கடைசி?

2018-19-ல் நாடு முழுவதும் நடந்த அயோடின் ஆய்வில், போதிய அளவு அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் இந்திய அளவில் 76.3 சதவீதம். தமிழ்நாட்டில் 61.9 சதவீதம். மாநிலங்களிலேயே இதுதான் மிகக் குறைவு.

சட்டம் இல்லாமல் இல்லை. அயோடின் கலக்காத உப்பைச் சாப்பாட்டுக்கு விற்க 1998-ல் தடை வந்தது. 2000-ல் அது நீக்கப்பட்டது. 2006 மே மாதம் மீண்டும் அமலானது. தடை வந்தும் பழக்கம் முழுமையாக மாறவில்லை. சமையலறைக்குள் போக சட்டத்தால் முடியாது, பேச்சால்தான் முடியும்.

இதில் பணயம் பெரியது. கர்ப்ப காலத்தில் அயோடின் குறைந்தால் வயிற்றிலுள்ள குழந்தையின் மூளை வளர்ச்சி பாதிக்கப்படலாம். அந்த இழப்பைப் பின்னால் சரிசெய்வது கடினம். ஆனால், அது கண்ணுக்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரியாத பலனை விற்பதுதான் சேல்ஸில் கஷ்டமான வேலை.

எம்பதி என்றால் பாவம் பார்ப்பதா?

இல்லை. டேவிட் மேயர், ஹெர்பர்ட் கிரீன்பெர்க் என்ற இருவர் 1964-ல் 'ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூ' இதழில், நல்ல விற்பனையாளரை உருவாக்குவது எது என்று ஒரு கட்டுரை எழுதினார்கள். அவர்கள் சொன்ன அடிப்படைக் குணங்கள் இரண்டு. ஒன்று, எதிரில் இருப்பவர் உணர்வதை உணரும் எம்பதி. இன்னொன்று, விற்றே ஆக வேண்டும் என்ற உள் உந்துதல்.

எம்பதி மட்டும் இருந்தால் கஸ்டமருக்கு நல்ல நண்பராகலாம், ஆர்டர் வராது. உந்துதல் மட்டும் இருந்தால் எதிரில் இருப்பவரை மிதித்துக்கொண்டு போவோம், அவர் அடுத்த முறை கதவைத் திறக்க மாட்டார். இன்னொரு விஷயமும் உண்டு. அவர் நினைப்பதைப் புரிந்துகொள்வது வேறு, அதை அப்படியே ஒப்புக்கொள்வது வேறு.

'வேண்டாம்' என்பதற்குள் என்ன இருக்கிறது?

கல் உப்பை விடாதவர்களிடம் "ஏன்க்கா?" என்று ஒரு வார்த்தை கேட்டால், பெரும்பாலும் மூன்றில் ஒரு பதில் வரும்.

*"தூள் உப்பு கைக்கு அளவு வராது."* இது அறியாமை இல்லை, அனுபவம். கல் உப்பை அள்ளிப் போட்டே குழம்புக்கு அளவு பழகிய கை அது. இவரிடம் தூள் உப்பின் பெருமையைப் பேசுவது வீண். "சரிக்கா, கல் உப்பே வாங்குங்க. அதிலேயே அயோடின் கலந்தது இருக்கு" என்றால் பேச்சு முடிந்தது. அவர் மறுத்தது அயோடினை அல்ல, தூளை.

*"நாங்க கடலோரம், மீன் சாப்பிடுறோம்."* நியாயமான சந்தேகம். மீனில் அயோடின் உண்டு. "நீங்க சொல்றது சரிதான்க்கா" என்று அதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். பிறகுதான் அடுத்த தகவல்: கடல்நீரில் விளைந்தாலும், உப்பில் இயல்பாக இருக்கும் அயோடின் மிகக் குறைவு. அதனால்தான் பொட்டாசியம் அயோடேட்டைத் தனியாகச் சேர்க்கிறார்கள்.

*"கெமிக்கல் கலக்குறாங்க."* இது பயம். பயத்துக்குக் கிண்டல் மருந்தாகாது, அளவைச் சொல்லலாம். நம் கைக்கு வரும்போது பத்து லட்சத்துக்குக் குறைந்தது 15 பங்கு அயோடின் இருக்க வேண்டும் என்பது விதி. முடிந்தால் கண்முன்னே காட்டலாம். ஆஷா பணியாளர்கள் பயன்படுத்தும் சோதனை கிட்டில் ஒரு சொட்டு விட்டால், அயோடின் உள்ள உப்பு ஊதா நிறமாகும். பத்து நிமிட லெக்சரைவிட அந்த ஒரு சொட்டு அதிகம் பேசும்.

மூன்று பேரும் சொன்னது 'வேண்டாம்' என்ற ஒரே வார்த்தைதான். மூவருக்கும் ஒரே ஸ்கிரிப்ட் ஏன் எடுபடாது என்பது இதிலேயே தெரியும்.

உப்பளத்துக்காரரிடமும் இதே கதைதான்

சிறு உற்பத்தியாளரிடம் போய் "சட்டப்படி கலக்கணும்" என்று மட்டும் சொன்னால், அவர் காதில் விழுவது செலவு. உப்புத் தொழில் மழை வந்தால் நின்றுவிடும். அந்த வேலையில்லா மாதங்களுக்காக உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்குத் தமிழ்நாடு அரசு 5,000 ரூபாய் நிவாரணம் தருவதே நிலைமையைச் சொல்லும். சில மாத வருமானத்தில் வருடத்தை ஓட்டுகிறவரிடம் விதியை விளக்குவதற்கு முன், "இதை வாங்க ஆள் யார், செலவு எப்படித் திரும்பும்?" என்ற அவரது கேள்விக்குப் பதில் தயாராக இருக்க வேண்டும்.

எல்லை எங்கே?

ஒருவரின் பயத்தைத் தெரிந்துகொள்வது, அதைப் பயன்படுத்தவும் வழி திறந்துவிடும். "இதை வாங்கலைனா உங்க குழந்தை படிக்காது" என்று ஒரு தாயிடம் சொன்னால் பாக்கெட் விற்கலாம். அது எம்பதி அல்ல, மிரட்டல். உண்மையை முழுதாகச் சொல்வதும் இதில் சேரும். அயோடின் இருக்கிறது என்பதற்காக உப்பை அதிகம் சேர்க்கக் கூடாது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வீட்டில் பி.பி. உள்ளவர் இருந்தால், விற்பவர் வாயிலிருந்தே இது வர வேண்டும்.

உங்கள் அடுத்த காலுக்கு

நீங்கள் விற்பது இன்சூரன்ஸோ, சாஃப்ட்வேரோ, ஆபீஸில் ஒரு ஐடியாவோ, மூன்று விஷயங்களை முயன்று பாருங்கள். 'வேண்டாம்' என்றதும் பதில் சொல்லாமல் காரணம் கேளுங்கள். அவர் சொன்னதில் எது சரியோ அதை முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். பிறகு, மாற்ற வேண்டியது உங்கள் பேச்சையா, பொருளையா என்று யோசியுங்கள். சில நேரம் கஸ்டமர் கேட்கும் கல் உப்பு உங்கள் கடையிலேயே இருக்கும்.