தொலைக்காட்சித் தொடரும் இரசிகர் புதினமும்

தொலைக்காட்சித் தொடரொன்றின் கதைமாந்தரைக் கொண்டு இரசிகர்கள் எழுதும் புதினங்களை இலக்கிய ஆய்வு நெடுங்காலம் பொருட்படுத்தவில்லை. பதிப்பகம் இல்லை, கதைமாந்தரின் உரிமையோ பிறருடையது. ஆகவே அவை வெறும் நகல் எனத் தள்ளப்பட்டன. இம்மதிப்பீடு பொருந்துமா என்பதை அமெரிக்கத் தொடரான 'ஸ்டார் டிரெக்' வழி ஈண்டு நோக்குவோம்.

ஜீன் ராடன்பெரி உருவாக்கிய இத்தொடர் 1966 முதல் 1969 வரை 79 பகுதிகளாக ஒளிபரப்பானது. தொடர் நடந்துகொண்டிருந்தபோதே, 1967இல், 'ஸ்பாக்கனாலியா' என்னும் இரசிகர் இதழ் நியூயார்க்கில் தோன்றியது. இத்தகைய இதழ்களை மெழுகுத்தாளில் தட்டச்சுச் செய்து, சைக்ளோஸ்டைல் பொறியில் படியெடுத்து, அஞ்சலில் அனுப்பினர். இவற்றில் எழுதியோருள் பெரும்பாலோர் பெண்கள் என்பது கருதத்தக்கது.

இவர்களின் எழுத்து எங்கிருந்து பிறக்கிறது? 1967 நவம்பரில் ஒளிபரப்பான 'பேபலுக்குப் பயணம்' என்னும் பகுதியைக் காண்போம். உணர்ச்சியை அடக்கி அறிவின் வழி நிற்கும் வல்கன் இனத்தவர் சாரெக். அவர்தம் மனைவி அமாண்டாவோ பூவுலகப் பெண். மகன் ஸ்பாக், தந்தை விரும்பிய கல்வி நிலையத்தை மறுத்து விண்கலப் பணியை ஏற்றதால், இருவரும் தந்தையும் மகனுமாகப் பேசிப் பதினெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. 'அவளை ஏன் மணந்தீர்?' என்னும் மகனின் வினாவிற்கு, அப்போது அதுவே அறிவுக்குகந்த செயலாகப் பட்டது என்னும் பொருள்பட விடையிறுக்கிறார் சாரெக். இவ்விடையில் அன்பு உண்டா, இல்லையா? தொடர் சொல்லவில்லை. முதல் தொடரில் அவ்விருவரும் தோன்றுவது இந்த ஒரு பகுதியில் மட்டுமே. இவ்விடைவெளியே ஜீன் லோராவின் களமாயிற்று. 1976இல் இரசிகர் வெளியீடாக வந்த 'இரட்டை நிலவுகளின் இரவு' என்னும் அவருடைய நெடுங்கதை அம்மணவாழ்வையே பொருளாகக் கொண்டது. லோரா ஆங்கிலப் பேராசிரியராகப் பணியாற்றியவர். இதனை அறியாச் சிறுவரின் விளையாட்டு என ஒதுக்குவதற்கில்லை. உரையாசிரியன் மூலத்தின் மௌனத்தை விளக்குவது போன்றதே இப்பணி என நாம் கருதுகிறோம்.

குறைகளும் இல்லாமலில்லை. எழுதுவோர் தம்மையே பேரழகும் பேரறிவும் வாய்ந்த தலைவியாக்கிக் கதைக்குள் புகுத்தும் வழக்கத்தைப் பாலா ஸ்மித் 1973இல் எள்ளி எழுதினார். அவர் படைத்த 'மேரி சூ' என்னும் பெயர் இன்று திறனாய்வுச் சொல்லாகவே நிலைத்துவிட்டது. தம் எழுத்தைத் தாமே திறனாய்ந்த குழு இது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

புதுமைப்பித்தன் அகலிகையை மீண்டும் எழுதியபோது எவர் இசைவையும் பெற வேண்டியிருக்கவில்லை, தொன்மம் பொதுச்சொத்து. ஸ்பாக்கோ ஒரு நிறுவனத்தின் உடைமை. இரசிகர் புதினங்கள் பெரும்பாலும் பதிப்பகத்தை அடையாமைக்குத் தரக்குறைவினும் இதுவே முதன்மைக் காரணம். விதிவிலக்காக, 1976இல் பாண்டம் பதிப்பகம் இரசிகர் கதைகளைத் தொகுத்து வெளியிட்டது. ராடன்பெரியே அதற்கு முன்னுரை வழங்கினார். லோராவும் 1984இல் உரிமம் பெற்ற 'ஸ்டார் டிரெக்' புதினமொன்றை எழுதினார்.

1992இல் ஹென்றி ஜென்கின்ஸ், கமில் பேக்கன்-ஸ்மித் ஆகியோரின் நூல்கள் வெளிவந்தபின் கல்வியுலகம் இப்பக்கம் திரும்பியது. அயோவா பல்கலைக்கழக நூலகம் இரசிகர் இதழ்களைத் திரட்டிப் பேணி வருகிறது. ஆயினும் புனைபெயரில், ஒரு சிறு வட்டத்திற்கென எழுதப்பட்டவை இவற்றுள் பல. அவற்றை ஆய்வேட்டில் மேற்கோள் காட்டுமுன் எழுதியவரின் இசைவைப் பெறுதல் வேண்டுமா என்னும் வினா ஆய்வாளர் முன் இன்னும் நிற்கிறது. வேண்டும் என்பதே நம் நிலைப்பாடு.