'அம்மா'வை எம், கே என்று வாசித்த கணினி

பெயர்ப்பலகையில் மூன்றாம் வகுப்பு என்றிருக்கும். உள்ளே போனால் மூன்று வகுப்புகள் ஒன்றாக உட்கார்ந்திருக்கும். ஒரு பிள்ளை கதைப் புத்தகத்தைத் தானாக வாசிக்கும். அடுத்தது எழுத்துக் கூட்டும். கடைசியில் இருப்பதற்கு 'அ'வே இன்னும் பிடிபட்டிருக்காது. 2022ல் தமிழக அரசு தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் இதை மறைக்காமல் ஒப்புக்கொண்டு, அரும்பு, மொட்டு, மலர் என நிலை பிரித்துக் கற்பிக்கச் சொன்னது. அந்த வகுப்பில் ஒரு ஸ்மார்ட் போர்டை மட்டும் மாட்டினால்? முன்பு வாத்தியார் ஒரே வேகத்தில் ஓடினார், இப்போது வீடியோ ஓடும்.

2018 முதல் வந்த புதிய பாடநூல்களில் கியூஆர் கோடு உண்டு. ஸ்கேன் செய்தால் பாடம் படமாக ஓடும். அதில் எனக்குப் பிடித்தது நிறுத்தும் பொத்தான்தான். புரியாதவன் நிறுத்தலாம், பின்னால் இழுத்து நாலு முறை கேட்கலாம், "இன்னுமா புரியல?" என்று யாரும் முறைக்க மாட்டார்கள். ஆனால் நாலு பேருக்கு ஒரு போன் கொடுத்தால், அது இரண்டு நிமிடத்தில் கெட்டிக்காரப் பிள்ளையின் கைக்குப் போய்விடும். பிடுங்கி மாற்றிக் கொடுக்க ஆசிரியர்தான் வேண்டும்.

பிள்ளைக்குப் பிள்ளை மாறுவது வேகம் மட்டுமல்ல, வாசிக்கும் வழியும்தான். நான் தமிழாசிரியராக இருந்தபோது பதினோராம் வகுப்பில் பார்வையற்ற மாணவன் ஒருவன் இருந்தான். அவன் லேப்டாப்பில் என்விடிஏ இருந்தது. திரையில் உள்ளதை உரக்க வாசிக்கும் இலவச மென்பொருள் அது; ஆஸ்திரேலியாவில் 2006ல் அதைத் தொடங்கியவர்களும் பார்வையற்றவர்களே. மாதத் தேர்வுக்குக் கேள்வித்தாளைப் பென் டிரைவில் கொடுத்துவிட்டுப் பெருமையாக நின்றேன். கணினி வாயைத் திறந்தது. எம், கே, கே, ஹெச் என்று ஏதோ உளறல்.

தப்பு என்னுடையது. வழக்கம்போலப் பாமினி எழுத்துருவில் அடித்திருந்தேன். அதில் 'அம்மா' கண்ணுக்குத்தான் தமிழ். உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும். கண்ணில்லாத கணினி உள்ளே இருந்ததைத்தானே வாசிக்கும்? தமிழை உள்ளேயும் தமிழாகவே வைக்கும் யுனிகோடை 2010லேயே தமிழக அரசு அங்கீகரித்துவிட்டது. பழகிய விரல் விடவில்லை. புத்தகப் பக்கத்தைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் கிட்டத்தட்ட இதே கதிதான். அதில் எழுத்தே இல்லை, படம்தான்.

அன்று கேள்விகளை நானே வாசித்துச் சமாளித்தேன். அடுத்த தேர்வுக்கு யுனிகோடில் அடித்தேன். அதே கோப்பில் எழுத்தைப் பெரிதாக்கி, கண்ணாடி போட்ட இன்னொரு பிள்ளைக்கும் அச்செடுத்துக் கொடுத்தேன். தனி வேலையே இல்லை. தேர்வு தொடங்கி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. காதில் ஹெட்போனோடு இருந்தவன் கையைத் தூக்கினான்.

"ஐயா, மூணாவது கேள்வியில மழைக்குப் பதிலா மலைன்னு அடிச்சிருக்கீங்க."

மற்றவர்கள் அப்போதுதான் தாளைப் புரட்டிப் பார்த்தார்கள்.