மலையகத் தோட்டங்களும் வனவிலங்குப் பாதுகாப்புச் சங்கங்களும்
தெல்தோட்டைப் பகுதியை முன்வைத்துச் சில கருத்துகள்

கண்டியிலிருந்து கலஹா வழியாகத் தெல்தோட்டைக்குச் செல்பவர் பாதையின் இருமருங்கும் காண்பது பெரும்பாலும் தேயிலையே. இப்பிரதேசத்திலுள்ள லூல்கந்துரத் தோட்டத்திலேதான் 1867ஆம் ஆண்டு ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் வர்த்தக நோக்குடன் தேயிலை பயிரிட்டார் என்பது யாவரும் அறிந்த செய்தி. இம்மலைகளில் அதற்கு முன்னர் யாது இருந்தது என்பதையோ, இருந்தவற்றுள் இன்று எஞ்சியிருப்பது யாது என்பதையோ அத்துணை பேர் வினவுவதில்லை. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம் காடுகளையும் தரிசு நிலங்களையும் அரசுடைமையாகக் கொள்ள வழிவகுத்தது. அவ்வாறு பெறப்பட்ட காடுகள் கோப்பிக்காக வெட்டப்பட்டன. கோப்பி நோய்கண்டு அழிந்த பின்னர் அவ்விடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது. வெட்டியவர்கள் யாருடைய நிலத்தையும் உரிமை கொள்ளாத கூலித் தொழிலாளர்கள். வெட்டுவித்தவர்கள் அந்நிலத்தின் உரிமையாளர்கள். இவ்வேறுபாட்டை மனங்கொள்ளாது இலங்கையின் வனவிலங்குப் பாதுகாப்பு இயக்க வரலாற்றைச் சரிவர விளங்கிக்கொள்ள முடியாது.

இந்நாட்டின் முதலாவது பாதுகாப்புச் சங்கம் 1894இல் தோன்றியது. அதன் பெயரே அதன் தன்மையைக் காட்டிற்று: அது வேட்டை விலங்குகளின் பாதுகாப்புச் சங்கம். பிரித்தானியத் தோட்டத்துரைமாரும் உத்தியோகத்தரும் தமது பொழுதுபோக்கு வேட்டைக்குரிய விலங்குகள் அருகி வருவதைக் கண்டு அஞ்சி அமைத்துக்கொண்டது அது. அச்சம் ஆதாரமற்றதன்று. மேஜர் ரொஜர்ஸ் என்ற ஒரே அதிகாரி 1845இல் மின்னல் தாக்கி மாளுமுன்னர் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டு வீழ்த்தியிருந்தார். எனினும், சங்கத்தின் பணியை வெறும் வேட்டைக்காரர் நலன் என்று ஒதுக்கிவிடுதல் நேர்மையாகாது. 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச்சட்டமும், அதனையடுத்து 1938இல் யால, வில்பத்து ஆகிய தேசிய பூங்காக்கள் நிறுவப்பட்டமையும் இச்சங்கத்தினரின் நீண்டகால முயற்சியோடு தொடர்புடையவை. இலங்கையின் முலையூட்டிகள் பற்றி 1935இல் வெளிவந்த பெருநூலை எழுதிய பிலிப்ஸ் என்பவரும் ஒரு தேயிலைத் தோட்டத்துரையே. ஆயினும் வேட்டைக்கு வழிகாட்டியவனும் சுமை தூக்கியவனும் சங்கத்தின் உறுப்பினராதல் எண்ணிப்பார்க்கவும் இயலாத ஒன்றாயிருந்தது.

சுதந்திரத்தின் பின் இயக்கத்தின் சமூக அடிப்படை விரிந்தது. 1972இல் தெஹிவளை மிருகக்காட்சிச்சாலையை நிலைக்களனாகக் கொண்டு இளம் விலங்கியலாளர் சங்கம் உருவாகியது. பாடசாலை மாணவரும் அதில் இடம்பெற்றனர். 1976இல் கொழும்புப் பல்கலைக்கழக விலங்கியற்றுறையில் களப் பறவையியற் குழு அமைந்தது. அதன் முன்னோடியான பேராசிரியர் சரத் கொட்டகம பறவைகள் பற்றிச் சிங்களத்தில் எழுதியமையால், ஆங்கிலம் அறியாத கிராமத்து மாணவனும் பறவையைப் பெயர் சொல்லி இனங்காணும் வாய்ப்பைப் பெற்றான். 2004இல் அஞ்சலி வொட்சன், அன்ட்ரூ கிட்டில் ஆகிய இருவரும் தொடங்கிய அமைப்பு சிறுத்தை ஆய்வைத் தேசிய பூங்காக்களுக்கு அப்பால் மத்திய மலைநாட்டுக்கும் கொண்டு சென்றது. கண்டி நகரை அடுத்த துனுமடலாவைக் காட்டில் அவர்கள் நடத்திய ஆய்வு தெல்தோட்டை வாசகருக்கு நேரடி அக்கறைக்குரியது. நகரத்தை ஒட்டிய சிறு காட்டிலும், தேயிலைக்கிடையே எஞ்சிய ஓடைக்கரைப் பற்றைகளிலும் சிறுத்தை வாழவல்லது என்பதை மலைநாட்டு ஆய்வுகள் காட்டின. அதாவது, சிறுத்தையின் வாழிடமும் லயத்தின் கொல்லைப்புறமும் பல இடங்களில் ஒன்றேயாகும்.

இங்கேதான் சிக்கல் எழுகின்றது. 2020 மே மாதத்தில் நல்லதண்ணிப் பகுதித் தோட்டமொன்றில் கம்பிச் சுருக்கில் அகப்பட்ட கருஞ்சிறுத்தை ஒன்று உடவளவைக்குக் கொண்டுசெல்லப்பட்டும் சில நாள்களில் இறந்தது. நாடெங்கும் கண்டனம் எழுந்தது, அது நியாயமானதே. ஆனால் அச்சுருக்குகள் சிறுத்தைக்காக வைக்கப்படுபவை அல்ல. பெரும்பாலும் அவை காட்டுப்பன்றிக்கு வைக்கப்படுபவை. வாகனங்களின் பழைய கம்பி வடம் போதும், செலவில்லை, ஓசையில்லை. பன்றி நுழையும் வழியில் கட்டப்பட்ட சுருக்கு, அதே வழியில் வரும் சிறுத்தையின் இடுப்பை இறுக்குகின்றது. விலங்கு திமிறத் திமிறக் கம்பி உள்ளே புதைவதால், உயிரோடு மீட்கப்பட்டவையும் உள்ளுறுப்புச் சிதைவினால் மடிகின்றன. நாட்கூலியால் நிறைவு காணாத குடும்பம் லயத்தருகே போட்ட மரக்கறித் தோட்டத்தை ஓர் இரவில் பன்றி கிளறிவிட்டால், அதற்கு ஈடுசெய்ய எவரும் வருவதில்லை. இதனைக் கூறுவது சுருக்கை நியாயப்படுத்துவதற்கன்று. 1948இல் குடியுரிமை மறுக்கப்பட்டு, 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை பகுதி பகுதியாகவே அதனைத் திரும்பப் பெற்ற ஒரு சமூகத்தை, பாதுகாப்பு இயக்கம் குற்றவாளியாக மட்டுமே சந்திக்குமாயின், சுருக்குகள் குறையா. மேலும் மறைவாக வைக்கப்படும்.

ஒப்புநோக்கத்தக்க அனுபவமொன்று தமிழ்நாட்டில் உண்டு. கோயம்புத்தூர் மாவட்டத்தின் வால்பாறை மேட்டுநிலம் ஏறத்தாழ 220 சதுர கிலோமீற்றர் பரப்புடையது. அங்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் காடழித்துத் தோட்டம் அமைக்கப்பட்டது, அங்கும் சமவெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழ்த் தொழிலாளர், அங்கும் லயம். சுற்றிலும் ஆனைமலைக் காடுகள் இருப்பதால் யானைகள் தேயிலையினூடே நடமாடுகின்றன. 1996இல் மைசூரில் தொடங்கப்பெற்ற இயற்கைப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர் ஆனந்தகுமாரும் அவர்தம் குழுவினரும் மனித உயிரிழப்புகளை ஆராய்ந்தபோது ஓர் உண்மை புலப்பட்டது: இறந்தோரிற் பலர், யானை அருகில் நிற்பதை அறியாது மாலையில் வீடு திரும்பியோர். எனவே, யானை நிற்கும் இடத்தை உள்ளூர்த் தொலைக்காட்சியில் எழுத்தோட்டமாகவும், கைத்தொலைபேசியில் தமிழ்க் குறுஞ்செய்தியாகவும் அறிவித்தனர். முக்கியமான சந்திகளில் செவ்விளக்குகள் பொருத்தப்பட்டன. அவ்விளக்கை எரியச் செய்யும் அதிகாரம் ஆய்வாளரிடம் மட்டும் இருக்கவில்லை. பதிவு செய்துகொண்ட ஊரவர் தமது தொலைபேசியிலிருந்தே அதனை இயக்க முடிந்தது. உயிரிழப்புகள் குறைந்தன. 2015இல் இப்பணிக்கு விட்லி விருது கிடைத்தது. விருதைவிட, தகவலின் மொழி தமிழாக இருந்ததும் அதன் உடைமை ஊராரிடம் இருந்ததுமே நமது கவனத்துக்குரியன.

தெல்தோட்டையில் காட்டு யானை இல்லை. செவ்விளக்கை அப்படியே இங்கு நாட்டுவதாற் பயனில்லை. ஆனால் தமிழும் சிங்களமும் வழங்கும், முஸ்லிம்களும் செறிந்து வாழும் இப்பிரதேசத்தில் ஒரு பாதுகாப்புக் குழு எம்மொழியிற் பேசும், எவரை உறுப்பினராகக் கொள்ளும் என்ற வினா நேரடியாகவே எழுகின்றது. பேராதனைப் பல்கலைக்கழகம் மலையடிவாரத்திலேயே உள்ளது. அங்கு பயிலும் மாணவருள் லயத்திலிருந்து வந்தோரும் உளர். தேயிலைக் கொழுந்து பறிப்போர் மரை, கேளையாடு, முள்ளம்பன்றி, மலையணில் முதலியவற்றை எம்மலையில், எப்பருவத்தில் காண்கின்றனர் என்பதைக் கேட்டெழுதும் பணிக்கு வெளிநாட்டு நிதி வேண்டியதில்லை. தமிழறிந்த நான்கு மாணவரும் ஒரு குறிப்பேடும் போதும். சுருக்கை அகற்றுவதற்கும் இதுவே வழியாகலாம். எந்த ஓடைக்கரையால் பன்றி இறங்குகின்றது, அதன் பின்னே எது வருகின்றது என்பதை மாதக்கணக்கில் கமரா வைத்து அறிய முற்படுகின்றோம். அவ்வோடைக்கரையில் கம்பி கட்டியவன் அதனை முன்னரே அறிந்திருக்கின்றான்.