பத்து நிமிஷத் தீர்ப்பு

1951-ஆம் வருஷம் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிலுள்ள கர்ட்டிஸ் ஸங்கீதக் கலாசாலையில் சேர விரும்பி, யூனிஸ் வேமன் என்ற பதினெட்டு வயதுக் கறுப்பின யுவதி பரீட்சகர் முன் பியானோ வாசித்தார். வட கரோலினாவில் ட்ரையன் என்னும் சிற்றூரில் எளிய குடும்பத்தில் பிறந்தவர். ஊரார் திரட்டிய நிதியைக் கொண்டு பயின்றவர். இந்த ஒரு பரீட்சைக்காகவே முந்திய வருஷத்துக் கோடையை நியூயார்க் ஜூலியார்ட் கலாசாலையில் கழித்தவர். அவ்வருஷம் விண்ணப்பித்தவர் 72 பேர், சேர்த்துக்கொள்ளப்பட்டவர் மூவர். அந்த மூவரில் அவர் இல்லை.

நிறத்தின் பொருட்டே தாம் விலக்கப்பட்டதாக அவர் ஆயுள் முழுவதும் நம்பினார். அங்கே போதித்த ஆசிரியர் ஒருவர், நிறத்திற்கும் முடிவிற்கும் சம்பந்தமில்லை என்றார். ஜார்ஜ் வாக்கர் என்ற கறுப்பின வித்வான் 1945-லேயே அக்கலாசாலையில் பட்டம் பெற்றிருந்தார் என்பதும் உண்மை. எந்தக் கட்சி மெய் என்று இன்று தீர்ப்புக் கூற நாம் முற்படவில்லை. கூற முடியாதிருப்பதே நமது முறையீடு. காரணம் எழுதப்படாத தீர்ப்பு, அப்பீலுக்கும் இடமில்லை. அத்தகைய நியாயஸ்தலத்தில் நேர்மையான நீதிபதியுங்கூடத் தம் நேர்மையை ருசுப்படுத்த இயலாது.

அமெரிக்க ஸங்கீதக் கலாசாலைகளில் ‘ஆடிஷன்’ எனப்படும் இந்தப் பிரவேசப் பரீட்சை இன்றும் வருஷந்தோறும் நடைபெறுகிறது. இதற்குச் செல்லும் வாலிபரும் அவர்தம் பெற்றோரும் அங்கே நிகழ்வது இன்னதென்று முன்கூட்டியே அறிந்திருத்தல் அவசியம். அறியாமையால் விளையும் அச்சமே பாதித் தோல்வி.

பெரும்பாலான கலாசாலைகளில் விண்ணப்பம் டிசம்பர் முதல் வாரத்திற்குள் போய்ச் சேரவேண்டும். பல இடங்களில் முதலில் ஒலிப்பதிவு ஒன்றைக் கேட்டு வாங்கிப் பலரை அப்பொழுதே கழித்துவிடுகின்றனர். எஞ்சியோர் ஜனவரி முதல் மார்ச் வரையில் நேரில் அழைக்கப்படுகின்றனர். ஏப்ரல் தொடக்கத்தில் முடிவு தெரியும். பியானோ மாணவன் பெரும்பாலும் பாக்கின் உருப்படி ஒன்று, பீத்தோவன் போன்றோரின் முழு ஸொனாட்டா ஒன்று, ஷோபானின் பயிற்சி உருப்படி ஒன்று எனப் பல காலத்து இசையையும் ஏட்டைப் பாராமல் வாசிக்கச் சித்தமாயிருக்க வேண்டும். வாய்ப்பாட்டு மாணவனுக்கு இத்தாலியம், ஜெர்மன், பிரெஞ்சு, ஆங்கிலம் ஆகிய பாஷைகளில் பாடும் பழக்கம் வேண்டும்.

அறையினுள் நுழைந்தபின் நடப்பதைக் கேட்டு வியப்போர் உளர். ஒரு மணி நேரத்திற்குத் தயாரித்துச் சென்றவனுக்குக் கிடைப்பது பத்து அல்லது பதினைந்து நிமிஷம். முதல் உருப்படியை அநேகமாக அவனே தேர்ந்துகொள்ளலாம். சிறிது நேரத்தில் பரீட்சகர், ‘போதும், அடுத்தது’ என்று இடைமறிப்பர். இதைக் கேட்டு மனமுடைந்து, மீதியைக் கெடுத்துக்கொண்ட பிள்ளைகள் எத்தனையோ பேர். இடைமறித்தல் இகழ்ச்சியன்று. அடுத்து நிற்பவர் பலர். வேண்டிய அளவு கேட்டாயிற்று என்பதே அதன் பொருள். அவர்கள் தலைநிமிராமல் எழுதிக்கொண்டிருப்பர். அதற்கும் அர்த்தம் கற்பிக்கவேண்டுவதில்லை.

சில இடங்களில் முன்பின் பாராத ஸ்வர ஏட்டைக் கொடுத்து வாசிக்கச் சொல்வதுண்டு. ஸ்வரங்களைச் செவியால் கேட்டு இனங்காணச் சொல்வதும் உண்டு. ஆசிரியர் ஒருவர் குறுக்கிட்டு, ‘இந்த இடத்தை இன்னும் மெதுவாக வாசித்துப் பார்’ என்றும் கூறலாம். இது தண்டனையன்று, பரீட்சையின் மிக முக்கியமான கட்டம் இதுவே. பிழையற்ற விரலைக் காட்டிலும் சொன்னதை ஏற்று மாறும் மனத்தையே நல்ல ஆசிரியன் தேடுகிறான். குறையில்லாதவனுக்குக் கலாசாலை எதற்கு? நான்கு வருஷம் கற்பிக்கத் தக்கவனா என்பதே அவன் முன் நிற்கும் கேள்வி.

மற்றொரு விஷயத்தைப் பெற்றோர் பலர் அறியார். இடங்களின் எண்ணிக்கை தகுதியைப் பார்த்து மாத்திரம் நிர்ணயிக்கப்படுவதில்லை. கலாசாலையின் வாத்தியக் குழுவிற்கு எத்தனை ஓபோ, எத்தனை கொம்பு வேண்டும், இன்ன ஆசிரியரிடம் எத்தனை இடம் காலியாகிறது என்பவற்றைப் பொறுத்தே அது அமைகிறது. இவ்வருஷம் ஓபோவிற்கு இடமில்லையெனில், சிறந்த ஓபோ மாணவனும் திரும்பவேண்டியதே. அவன் தன் திறமையை நிந்தித்துக்கொள்வது பேதைமை. ஆகவே ஒரே கலாசாலையை நம்பி நில்லாமல், பல இடங்களுக்கு விண்ணப்பிப்பதே விவேகம்.

மாணவர் கடமையைக் கூறினோம். பரீட்சகர் கடமை யாது? வாத்தியக் குழுக்கள் இதில் ஒருவகையில் வழிகாட்டியிருக்கின்றன. 1952-ல் பாஸ்டன் ஸிம்பனிக் குழுவினர் தமது தேர்வில் வாசிப்பவருக்கும் பரீட்சகருக்கும் இடையே திரையொன்றைத் தொங்கவிட்டனர். பின்னர் மற்றக் குழுக்களும் அவ்வழியைப் பின்பற்றின. காலடி ஓசையால் ஆணா பெண்ணா என்பது தெரிந்துவிடும் என்று தரையில் கம்பளம் விரித்தவர்களும் உண்டு. அந்நாட்டின் முதன்மையான ஐந்து குழுக்களில் 1970-ல் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவாயிருந்த பெண்கள் 1997-ல் நூற்றுக்கு இருபத்தைந்து ஆயினர். இவ்வளவும் திரையினால் மட்டும் விளைந்ததென்று நாம் சாதிக்கவில்லை. ஆயினும், செவி கேட்கவேண்டிய இடத்தில் கண் குறுக்கிட்டு வந்தது என்பதற்கு இதனினும் தெளிவான சாட்சியம் தேவையில்லை.

மாணவனுடன் பேசிப் பழகிப் பார்க்கவேண்டிய கலாசாலையில் முழுத் திரை பொருந்தாது என்பர். ஒப்புக்கொள்கிறோம். முதற் சுற்றின் ஒலிப்பதிவைப் பெயரும் உருவமும் அறியாமல் கேட்பதற்குத் தடை என்ன? பரீட்சகர் ஒருவரோடொருவர் கலந்து பேசுமுன் தத்தம் மதிப்பெண்ணைத் தனித்தனியே எழுதி வைப்பதற்குத் தடை என்ன? விலக்கப்பட்டவனுக்கு, ‘உன் குறை இது’ என்றோ, ‘குறையில்லை, இடமில்லை’ என்றோ இரண்டு வரி எழுதி அனுப்பினால் கலாசாலையின் கௌரவம் குன்றிவிடுமா? வழிச்செலவுக்கு வகையில்லாத ஏழைப் பிள்ளைக்கு அச்செலவைத் தருவதும் இவற்றோடு சேர்ந்த கடமையே. கர்ட்டிஸ் கலாசாலை 1928 முதல் தன் மாணவரிடம் போதனைச் சம்பளம் வாங்குவதில்லை. அப்பெருந்தன்மை பாராட்டத் தக்கது. ஆயினும் வாசலுக்கு வந்துசேர வழியற்றவனுக்கு உள்ளே கிடைக்கும் இலவசத்தால் பயனில்லை.

யூனிஸ் வேமன் அட்லாண்டிக் நகரத்து மதுவிடுதி ஒன்றில் பியானோ வாசித்துப் பிழைக்கச் சென்றார். அவ்வேலை தாயாருக்குத் தெரியலாகாது என்று பெயரை மாற்றிக்கொண்டார். நீனா ஸிமோன் என்ற அந்தப் பெயரைப் பின்னர் உலகம் அறிந்தது. 2003-ஆம் வருஷம் ஏப்ரல் 21-ந் தேதி அவர் காலமானார். கர்ட்டிஸ் கலாசாலை தமக்குக் கௌரவப் பட்டம் அளிக்கவிருக்கும் செய்தி அதற்கு இரண்டு நாட்களுக்கு முன்புதான் அவருக்கு எட்டியது.

பரீட்சைக்குப் போகும் வாலிபர்கள் இச்சரித்திரத்தை அறிந்து செல்லட்டும். அந்த அறையில் கிடைப்பது ஒரு கலாசாலையின், ஒரு வருஷத்தின் முடிவே தவிர, அவர்களுடைய இசையைப் பற்றிய இறுதித் தீர்ப்பன்று. பரீட்சகர்களும் இதனை அறிந்து அமரட்டும். ஐம்பத்திரண்டு வருஷம் கழித்து வழங்கும் பட்டத்தைவிட, அன்றே எழுதும் இரண்டு வரிக் காரணம் மேலானது.